பாம் ஸ்பிரிங்ஸில் 1950களின் மாடர்ன் வீடு வாங்குவது: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் விற்பனைக்கு வரும் பழைய மாடர்ன் வீடுகளைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். போட்டோவில் கண்ணாடிச் சுவர், நீச்சல்குளம், பின்னால் சான் ஜசின்டோ மலை. பார்த்ததும் பிடித்துப்போகிறது. அடுத்து விலை, அதற்கடுத்து கடன். நிலம் யாருடையது, கூரை எப்படி, குழாய் எங்கே போகிறது என்ற கேள்விகள் முன்பணம் கட்டிய பிறகுதான் வருகின்றன. இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

வரிசை ஏன் முக்கியம் என்றால், இந்த வீடுகளில் எதையும் ஒளித்து வைக்க இடமில்லை. உள்ளே அண்ணாந்து பார்த்தால் தெரியும் மரப்பலகைதான் கூரையின் அடித்தளம். அதற்கும் வானத்துக்கும் நடுவில் அட்டிக் (கூரைக்கு அடியில் விடும் வெற்றிடம்) கிடையாது. தரை, மண்மேல் நேராக ஊற்றிய காங்கிரீட் ஸ்லாப். அடியில் ஆள் ஊர்ந்து போக இடம் கிடையாது. மற்ற அமெரிக்க வீடுகளில் அட்டிக்கில் ஓடும் ஒயர், குழாய், ஏசி டக்ட் எல்லாம் இங்கே காங்கிரீட்டுக்குள் இருக்கும், அல்லது கூரைமேல் வெயிலில் கிடக்கும். அதனால் சின்ன ரிப்பேர்கூட வெளியே தெரியும், செலவும் கூடும்.

1. வீடு பார்க்கக் கிளம்பும் முன்

பேங்கின் முன்னனுமதிக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே ஒரு கேள்வியும் கேட்டுவிடுங்கள்: "லீஸ் நிலத்தில் உள்ள வீட்டுக்குக் கடன் தருவீர்களா?" எல்லோரும் தருவதில்லை. ஏன் கேட்க வேண்டும் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

2024 ஆகஸ்டிலிருந்து, ஏஜென்டுடன் எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் அவர் உங்களை வீட்டுக்குள் கூட்டிப்போவது கஷ்டம். கமிஷன் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, எந்தப் பகுதிக்கு என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஏஜென்ட் பாலைவனப் பள்ளத்தாக்கில் வேலை செய்பவராக இருக்கட்டும். லாஸ் ஏஞ்சலஸில் கெட்டிக்காரராக இருப்பவருக்கு இந்த ஊரின் நிலக் கணக்கு தெரியாமல் போகலாம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா பணம் அனுப்பி உதவுவதாக இருந்தால் அதை இப்போதே ஆரம்பியுங்கள். இந்திய ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் அனுப்பலாம். இங்குள்ள பேங்க் அது கடனல்ல, அன்பளிப்பு என்று எழுதிய கடிதமும், பணம் வந்த தடமும் கேட்கும். எஸ்க்ரோ (விற்பனை முடியும்வரை பணத்தையும் பத்திரத்தையும் நடுநிலையாளர் பிடித்து வைக்கும் காலம்) திறந்தபின் இதற்காக ஓடினால் நாள் போதாது.

2. முதல் கேள்வி: நிலம் யாருடையது?

பாம் ஸ்பிரிங்ஸின் வரைபடம் சதுரங்கப் பலகை மாதிரி. ஒரு மைல் சதுரக் கட்டங்களில் ஒற்றைப்படை எண்கள் 19ஆம் நூற்றாண்டில் ரயில்வேக்குப் போயின. இரட்டைப்படை எண்கள் அகுவா காலியெந்தே கவீயா பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டன. 1959இல் வந்த சட்டம் அந்த நிலத்தை 99 வருடம் வரை குத்தகைக்கு விட வழி செய்தது. அந்தக் குத்தகை மண்ணில் எழுந்த வீடுகள் நிறைய. தெருவுக்கு இந்தப் பக்கம் நிலமும் சேர்த்து உங்களுடையது, எதிர்ப்பக்கம் வீடு மட்டும் உங்களுடையது என்பது இங்கே சாதாரணம்.

விளம்பரத்தில் "ஃபீ" என்று இருந்தால் நிலத்தோடு விற்பனை. "லீஸ்" என்று இருந்தால் குத்தகை. அக்கம்பக்கத்தைவிட விலை பளிச்சென்று குறைவாக இருந்தால் முதலில் இந்த வரியைத்தான் தேட வேண்டும். "சல்லிசாகக் கிடைத்தது" என்று சந்தோஷப்பட்டவர்கள் பலர் இந்த வரியைப் படிக்காதவர்கள்.

லீஸ் வீடு என்றாலே ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் லீஸ் பத்திரத்தை முழுக்க வாங்கிப் படிக்காமல் ஆஃபர் போடக்கூடாது. அதில் மூன்று விஷயம் பாருங்கள்.

குத்தகை எந்த வருடம் முடிகிறது? ஃபேனி மே (பேங்குகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் அமெரிக்க நிறுவனம்) விதிப்படி, கடன் முடிந்த பிறகும் குறைந்தது 5 வருடம் குத்தகை மிச்சம் இருக்க வேண்டும். 30 வருடக் கடனுக்கு 35 வருடம் வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவருக்கும் கடன் கிடைக்காது. விற்கும்போதுதான் இது கடிக்கும்.

நிலவாடகை எவ்வளவு, எப்போது, எந்தக் கணக்கில் ஏறும்? சிலவற்றில் விலைவாசிக் குறியீட்டோடு ஏறும். சிலவற்றில் குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை நிலத்தை மறுமதிப்பீடு செய்து ஏற்றுவார்கள். இரண்டாவது வகையில், அடுத்த மறுமதிப்பீடு எந்த வருடம் என்று கேளுங்கள். இதெல்லாம் போக, லீஸ் நிலமானாலும் ரிவர்சைடு கவுண்டி வரியிலிருந்து தப்ப முடியாது.

கடைசியாக, குத்தகை கைமாற யார் ஒப்புதல் வேண்டும்? பெரும்பாலும் மத்திய அரசின் பழங்குடியினர் விவகாரத் துறை வழியாகப் போகும். அதற்கான நாட்களை எஸ்க்ரோ கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. நாள் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால்

"வருஷத்தில் பாதி நாள் ஏர்பிஎன்பியில் விட்டால் கடன் தானாக அடையும்" என்ற கணக்கோடு வருகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

குறுகிய கால வாடகைக்கு நகராட்சியின் சான்றிதழ் வேண்டும். அது வீட்டோடு வராது, விற்றவரோடு போய்விடும். 2022 இறுதியில் நகரசபை விதிகளை இறுக்கியது: ஒரு குடியிருப்புப் பகுதியில் 20 சதவீத வீடுகளுக்கு மேல் சான்றிதழ் கிடையாது, சான்றிதழைப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு வருடத்துக்கு 26 வாடகை ஒப்பந்தம்தான். வரம்பு நிரம்பிய பகுதியில் காத்திருப்புப் பட்டியல். வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அது தனியாகத் தடை போட்டிருக்கலாம்.

ஆகவே ஏஜென்ட் காட்டும் பழைய வாடகை வருமானத்தை ஒதுக்கிவிட்டு, நகராட்சி அலுவலகத்தில் அந்த முகவரியைச் சொல்லிக் கேளுங்கள். பதில் சாதகமாக இல்லையென்றால், மாத வாடகைக் கணக்கில் கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள்.

4. காற்று, நிழல், மேற்கு வெயில்

ஊரின் மேற்கே மலை செங்குத்தாக நிற்கிறது. அடிவாரத்தை ஒட்டிய வீடுகளில் குளிர்காலப் பிற்பகலிலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். குளத்தில் நிழல் விழுந்துவிடும். கோடையில் அதே நிழல் ஒரு வரம். டிசம்பரில் குளித்து வெயில் காயத்தான் வாங்குகிறீர்கள் என்றால் கிழக்கே தள்ளிப் பாருங்கள். வீட்டைக் காலையில் ஒருமுறை, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஒருமுறை என்று இரண்டு நேரத்தில் பார்த்தால் இது தானாகத் தெரிந்துவிடும்.

வடக்குப் பக்கம் சான் கோர்கோனியோ கணவாயிலிருந்து வரும் காற்று. அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. காற்று எவ்வளவு என்று யாரிடமும் கேட்க வேண்டாம். பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவின் அடித்தண்டவாளத்தில் விரலை வைத்து இழுங்கள். மாவு போல மெல்லிய மணல் சேர்ந்திருந்தால், தரைமட்டத்தில் சுவர் பெயின்டின் பளபளப்பு அரித்துப் போயிருந்தால், அதுதான் பதில்.

கண்ணாடி எந்தத் திசையில் இருக்கிறது என்பதை வீட்டின் அழகோடு சேர்த்துப் பார்க்காதீர்கள், கரண்ட் பில்லோடு சேர்த்துப் பாருங்கள். நீண்ட கூரை நிழல் தெற்கு வெயிலைத் தடுக்கும்; மேற்கே சாய்ந்து வரும் வெயிலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 2024 ஜூலை 5 அன்று இங்கே 124 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. மேற்கே ஒற்றைக் கண்ணாடிச் சுவர் உள்ள வீட்டில் அன்றைக்கு ஏசி நின்றிருக்காது. கடந்த ஜூலை, ஆகஸ்ட் மாத மின்கட்டண ரசீதை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். கூரையில் சோலார் இருந்தால் அது சொந்தமா, குத்தகையா என்பதையும் கேளுங்கள்; குத்தகை என்றால் மிச்சத் தவணை உங்கள் தலையில்.

5. விளம்பரம் சொல்லும் பெயரைச் சரிபார்ப்பது

"அலெக்சாண்டர் வீடு", "கிரைசல் டிசைன்" என்ற சொற்கள் விலையைத் தூக்குகின்றன. அதனாலேயே அவற்றைத் தாராளமாகப் போடுகிறார்கள்.

ஜார்ஜ் அலெக்சாண்டர், மகன் ராபர்ட் இருவரின் கட்டுமான நிறுவனம் 1955 முதல் 1965 வரை இங்கே 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டியது. அவற்றில் பலவற்றின் வடிவமைப்பாளர் வில்லியம் கிரைசல். ட்வின் பாம்ஸ் பகுதியில் வீடுகள் சுமார் 1,600 சதுர அடி. ஒரே வரைபடத்தை மனைக்கு மனை திருப்பி வைத்து, கூரையை மட்டும் தட்டை, சாய்வு, வண்ணத்துப்பூச்சி என்று மாற்றியிருக்கிறார். (கிழக்கு வாசல் வேண்டும் என்று வாஸ்து பார்ப்பவர்களுக்கு இது வசதி, அதே வீடு வேறு திசையில் அடுத்த தெருவில் இருக்கும்.) ராக்கெட் கிளப் எஸ்டேட்ஸில் அதே நிறுவனத்தின் வீடுகள் சிறியவை, சுமார் 1,225 சதுர அடி. வடக்கே டொனால்ட் வெக்ஸ்லரின் எஃகு வீடுகள் மொத்தமே ஏழு.

சரிபார்க்க நகராட்சியின் கட்டட அனுமதிப் பதிவைக் கேளுங்கள். முதல் அனுமதியில் யார் பெயர், எந்த வருடம் என்று இருக்கும். அதைவிடப் பெரிய லாபம், பின்னால் வந்த அனுமதிகள். கார் நிறுத்தும் கூரையை அடைத்து அறையாக்கியது, நடுவில் இருந்த சுவரை இடித்தது, முற்றத்தை மூடியது எல்லாம் அனுமதியோடு நடந்ததா என்று தெரிந்துவிடும். இந்த வீடுகளில் திடமான சுவர் ஏற்கெனவே குறைவு, பெரும்பகுதி கண்ணாடி. நிலநடுக்கத்தில் வீட்டைப் பிடித்து நிறுத்தும் சுவர் ஒன்றை "ஓப்பன் கிச்சன்" ஆசையில் யாரோ எடுத்திருந்தால், அது வெறும் காகிதக் குறையல்ல. பக்கத்திலேயே சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஓடுகிறது.

நகரத்தின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் முதல் வகுப்பில் இருக்கும் வீடானால், வெளிப்புறத்தை மாற்றப் பாரம்பரியக் குழுவின் அனுமதி வேண்டும். பதிலுக்கு, மில்ஸ் சட்ட ஒப்பந்தம் இருந்தால் சொத்துவரி கணிசமாகக் குறையும். அந்த ஒப்பந்தம் புது உரிமையாளருக்கும் தொடரும், பராமரிக்கும் கடமையோடு சேர்த்து. வீட்டை உங்கள் விருப்பப்படி மாற்றியமைக்க நினைத்தால் இந்த வகையைத் தவிர்ப்பது நல்லது.

6. கூரை

நம்மூர்க்காரர்கள் தட்டைக் கூரையைப் பார்த்ததும் மொட்டைமாடி நினைப்பில் ஏறி நடக்கப் பார்ப்பார்கள். ஏறாதீர்கள். மேலே இருப்பது பெரும்பாலும் தெளித்து உறைய வைத்த ஃபோம். அதன் மேல் வெள்ளைப் பூச்சு. குதிகால் அழுத்தினால் பள்ளம் விழும், பூச்சு விரிசல் விடும், மழையில் அந்த இடம் தண்ணீர் குடிக்கும். ஏணியில் நின்று பாருங்கள். நடப்பதை ஃபோம் கூரை தெரிந்த ஆளிடம் விடுங்கள். பொதுவான வீட்டு இன்ஸ்பெக்டர் போதாது, கூரைக்குத் தனி ஆள் வேண்டும்.

ஏணியிலிருந்தே சில விஷயங்கள் தெரியும். வெள்ளைக்கு நடுவில் மஞ்சள், ஆரஞ்சு திட்டுகள் இருந்தால் பூச்சு போய் ஃபோம் வெயிலில் வேகிறது என்று அர்த்தம். பறவை கொத்திய குழிகளும் அப்படித்தான். வட்டவட்டமாக அழுக்குக் கறை இருந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது. "இது பாலைவனம், மழையா வரும்" என்று சிலர் சிரிப்பார்கள். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் வந்தபோது ஊரைச் சுற்றி நெடுஞ்சாலையே மூழ்கியது. வருடத்தில் சில நாள்தான் மழை; ஆனால் வந்தால் மொத்தமாக வரும், வடிகால் வாய் அடைத்திருந்தால் வீட்டுக்குள் வரும்.

ஃபோமின் தடிமனையும் கேளுங்கள். அட்டிக் இல்லாததால் வெப்பத்தைத் தடுப்பது அது ஒன்றுதான். ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-6 அளவு தடுப்பு கிடைக்கும் (ஆர் எண் கூடினால் தடுப்பும் கூடும்). கடைசியாக மேல்பூச்சு அடித்த ரசீது, உத்தரவாதம் இருந்தால் வாங்கி வையுங்கள்.

அப்புறம் வீட்டுக்குள் வந்து, உத்தரத்தின் இரு பக்கமும் பலகையில் காப்பிக்கறை போன்ற வளையம் இருக்கிறதா பாருங்கள். மற்ற அறைகளில் மரநிறம் தெரிய, ஓர் அறையில் மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

7. தரைக்கு அடியில் இருப்பவை

இங்கேதான் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது, புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அறுபது வருடத்துக்கு மேலான வார்ப்பிரும்புக் குழாயின் அடிப்பாகம் அரித்துப் போயிருக்கும். அதை மாற்ற வேண்டுமென்றால் ஸ்லாபை வெட்ட வேண்டும். கேமராவுக்கு ஆகும் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வீடு பொதுச் சாக்கடையில் இணைந்திருக்கிறதா, இன்னும் செப்டிக் தொட்டியா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

நல்ல தண்ணீர்க் குழாய்க்கு எளிய சோதனை: எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வெளியே உள்ள மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தரை வெதுவெதுப்பாக இருந்தால் அடியில் வெந்நீர்க் குழாய் கசிகிறது. டெராசோ (கல்துண்டுகள் பதித்து மெருகேற்றிய) தரை என்றால் தாழ்வாகக் குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். நிறம் சற்று மாறிய பட்டை ஒன்று குளியலறையிலிருந்து நேராகப் போனால், யாரோ வெட்டிக் குழாய் மாற்றியிருக்கிறார்கள். அது கெட்ட செய்தி அல்ல. அனுமதி எண் இருந்தால் நல்ல செய்தி.

சிலர் ஸ்லாபை வெட்டப் பயந்து புதுக் குழாயைக் கூரைமேல் ஓட்டியிருப்பார்கள். அந்த வீட்டில் ஜூலை மதியம் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும்.

8. மரம், கண்ணாடி, மின்சாரம்

உள்ளிருந்து கண்ணாடியைத் தாண்டி வெளியே நீளும் உத்தரங்கள்தான் இந்த வீடுகளின் அழகு. அவற்றின் நுனிதான் பலவீனமும். வெயில், மழை இரண்டும் நேராக விழும் இடம் அது. சிறிய ஸ்க்ரூடிரைவரால் நுனியின் மேல்பக்கத்தை மெல்ல அழுத்துங்கள். மரம் டங்கென்று நின்றால் சரி. பிஸ்கட் போல உள்ளே போனால் உளுத்துவிட்டது. பெயின்ட் புதிதாக இருக்கும் நுனிகளைக் கட்டாயம் பாருங்கள். (விற்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.) கரையான் பரிசோதனை தனி ஆளிடம்.

1970களுக்கு முந்தைய பெரிய கண்ணாடிகள் பாதுகாப்புக் கண்ணாடியாக இல்லாமல் இருக்கலாம். உடைந்தால் கத்தியாக விழும். கண்ணாடியின் மூலையில் பொறித்த சிறு முத்திரை இருந்தால் மாற்றிய கண்ணாடி. குழந்தைகள் ஓடும் வீடு என்றால் இதை முதல் செலவாக வையுங்கள்.

மின்பேனலைத் திறந்து பெயரைப் பாருங்கள். ஃபெடரல் பசிபிக், ஜின்ஸ்கோ போன்ற பழைய பேனல்களை மாற்றச் சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனங்களே கேட்பது வழக்கம். 1978க்கு முந்தைய வீடு என்பதால் ஈயப் பெயின்ட் அறிவிப்பைச் சட்டப்படி தருவார்கள். ஆஸ்பெஸ்டாஸுக்கு நீங்கள்தான் கேட்க வேண்டும்: 9 அங்குலச் சதுரத் தரை ஓடு, அதன் அடியில் உள்ள கறுப்புப் பசை, பழைய டக்டைச் சுற்றிய வெள்ளைத் துணி. சோதனைக்கு அனுப்பாமல் எதையும் உடைக்காதீர்கள்.

9. ஆஃபர் போட்ட பின் 17 நாள்

கலிபோர்னியாவின் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில் பரிசோதனைக்கு 17 நாள். முன்பணம் பொதுவாக விலையில் 3 சதவீதம். அந்தக் கெடுவுக்குள் பின்வாங்கினால் பணம் திரும்பும். நிபந்தனைகளைக் கைவிட்டு எழுதிக் கொடுத்த பிறகு பின்வாங்கினால் போய்விடும். போட்டி அதிகம் என்று சொல்லி "பரிசோதனை நிபந்தனையை விட்டுவிடலாம்" என்பார்கள். புது வீட்டுக்கு அது துணிச்சல். இந்த வகை வீட்டுக்கு அசட்டுத்தனம்.

முதல் நாளே இன்சூரன்ஸைத் தொடங்குங்கள். புதியவர்கள் இதைக் கடைசி வாரத்துக்கு விடுகிறார்கள். பழைய ஒயரிங், தட்டைக் கூரை, மலையடிவாரத் தீ அபாயம் ஆகியவற்றைப் பார்த்து நிறுவனங்கள் தயங்கும். வேறு யாரும் பாலிசி தராதபோது கடைசி வழியான மாநிலத்தின் ஃபேர் பிளான் வரைக்கும் போக வேண்டியிருந்தால் செலவு வேறு. சாதாரணப் பாலிசியில் நிலநடுக்கமும் வெள்ளமும் சேராது; இரண்டுக்கும் தனித்தனி விலை கேட்டு வையுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் கடன் இல்லை.

அதே வாரத்தில் கூரை, கழிவுநீர்க் கேமரா, கரையான், நீச்சல்குளம் ஆட்களை நாள் குறித்துவிடுங்கள். குளிர்காலம்தான் இங்கே சீசன். பிப்ரவரியில் மாடர்னிசம் வாரம் (இந்த வகை வீடுகளைக் கொண்டாடும் விழா) நடக்கும் நாட்களில் ஆள் கிடைப்பது சிரமம்.

குறைகள் தெரிந்ததும் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு விற்பவரிடம் நீட்டாதீர்கள். கூரை, குழாய், பேனல் என்று பெரிய இரண்டு மூன்றை மட்டும் மதிப்பீட்டுக் காகிதத்தோடு வையுங்கள். அவரையே ரிப்பேர் செய்யச் சொல்வதைவிட விலையில் கழித்துக்கொள்வது மேல். கிளம்பப் போகிறவர் மலிவான ஆளைத்தான் பிடிப்பார்.

விற்பவர் வெளிநாட்டுக்காரராக இருந்தால், விலையில் பொதுவாக 15 சதவீதத்தைப் பிடித்து அமெரிக்க வருமானவரித் துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குகிறவருடையது. எஸ்க்ரோ அதிகாரியிடம் இதைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

10. சாவி கைக்கு வந்த பிறகு

முதல் மாதம் அலங்கார வேலை எதையும் தொடாதீர்கள். கூரை வடிகால்களைச் சுத்தம் செய்யுங்கள், கெட்டுப்போன உத்தர நுனிகளைச் சரிசெய்யுங்கள், தெளிப்பான் தண்ணீர் சுவரில் படாதபடி திருப்பி வையுங்கள். முடிந்தால் ஒரு கோடை முழுக்க வாழ்ந்து பார்த்துவிட்டு, எந்தக் கண்ணாடியை இரட்டையாக மாற்றுவது என்று முடிவு செய்யுங்கள்.

விற்பனையானதும் சொத்துவரி புது விலைக்கு மறுமதிப்பீடு ஆகும். அடிப்படை விகிதம் 1 சதவீதம். உள்ளூர்க் கட்டணங்கள் அதன் மேல். பழைய உரிமையாளர் பல வருடம் முன்பு வாங்கியவர் என்றால் அவர் கட்டிய வரியை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. இந்த வித்தியாசத்துக்கான துணை வரிச்சீட்டு சில மாதம் கழித்துத் தபாலில் உங்கள் பெயருக்கே வரும். பெரும்பாலும் பேங்க் அதைக் கட்டாது. விளம்பரத் தபால் என்று நினைத்துத் தூக்கிப் போட்டால் அபராதத்தோடு திரும்பி வரும்.